பழைய பெட்ரோல் பங்க் பக்கத்தில் குடியிருக்கிறோம், வீட்டு போர்வெல் தண்ணீரைச் சோதித்தால் போதாதா?

கேட்டவர் பாளையங்கோட்டைக்குத் தெற்கே இருக்கிறார். தெருமுனையில் வருஷக்கணக்காக மூடிக் கிடக்கிற பெட்ரோல் பங்க், இரண்டு வீடு தள்ளி ஒரு கிணற்றில் மண்ணெண்ணெய் மாதிரி வாடை. தன்னுடைய 300 அடி போர்வெல் தண்ணீரைச் சோதித்ததில் 'குடிக்கலாம்' என்று அறிக்கை வந்துவிட்டது, அப்புறம் எதற்கு மூன்று கண்காணிப்புக் கிணறு போடச் சொல்கிறார்கள் என்று கேட்கிறார்.

அந்த அறிக்கையை நம்பி அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நிலத்தடி நீர் மாதிரி எடுக்கிற வேலையில் 11 வருஷமாக இருக்கிறேன், இந்தக் குழப்பத்தைப் பல ஊர்களில் பார்த்துவிட்டேன்.

பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. கசிந்து இறங்கினால் நீர்மட்டத்தின் மேலேயே மிதக்கும், அதாவது உங்கள் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் தெரிகிற அந்த 20, 25 அடியில். உங்கள் மோட்டார் தொங்குவதோ 250 அடியில், கருங்கல் வெடிப்பு வழியாக வருகிற தண்ணீரை இழுத்துக்கொண்டு. நம்ம பக்கம் போர் போடும்போது சரளும் சுக்காம்பாறையும் தாண்டிக் கெட்டிப் பாறை தட்டும் வரைக்கும்தான் கேசிங் பைப், அதற்குக் கீழே வெறும் துளை. நாலைந்து வெடிப்புத் தண்ணீர் அதில் ஒன்றாகக் கலக்கும். அதில் ஒன்று கெட்டிருந்தாலும் மற்றவை அதை மறைத்துவிடும். கேசிங்கைச் சுற்றிச் சிமெண்ட் ஊற்றி அடைக்கிற வழக்கமும் இங்கே குறைவு, அதனால் நீங்கள் மோட்டார் ஓட்ட ஓட்ட மேலே கிடப்பது அந்த இடுக்கு வழியாகக் கீழே இறங்கவும் வாய்ப்பு உண்டு. இன்றைக்குச் சுத்தமாக இருப்பது அடுத்த வருஷம் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, வழக்கமான குடிநீர் சோதனையில் உப்பு, கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், கிருமி இதெல்லாம்தான் பார்ப்பார்கள். பெட்ரோலில் நாம் பயப்பட வேண்டியது பென்சீன். அது புற்றுநோய் வரவழைக்கக்கூடியது, உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் வைத்திருக்கிற அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். தனியாகக் கேட்டால்தான் அதைச் சோதிப்பார்கள். அதுவும் மொட்டைமாடித் தொட்டிக் குழாயில் பிடித்துக் கொடுத்திருந்தால், பாதி ஆவியாகிப் போயிருக்கும்.

சரி, கண்காணிப்புக் கிணறு என்பது என்ன? தண்ணீர் எடுக்க இல்லை, பார்க்க மட்டும். பெரும்பாலும் 2 அங்குல பிவிசி பைப். அதில் மெல்லிய கீறல் போட்ட பகுதி நீர்மட்டத்துக்கு மேலேயும் கீழேயும் இருக்க வேண்டும். கார்த்திகையில் ஏறுகிற மட்டம், வைகாசியில் இறங்குகிற மட்டம் இரண்டும் அதற்குள் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் மிதக்கிற பெட்ரோல் பைப்புக்குள் வரவே வராது. கீறல் பகுதியைச் சுற்றிக் கழுவிச் சலித்த மணல், அதற்கு மேல் இரண்டடிக்கு பெண்டோனைட் களிமண், அது ஊறி உப்பி அடைத்த பிறகு தரைமட்டம் வரை சிமெண்ட் கலவை. இந்த அடைப்பில் மிச்சம் பிடித்தால் மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்கி மொத்தப் பணமும் வீண்.

பைப்பைப் பசை போட்டு ஒட்டவே கூடாது, மரை போட்டதுதான் வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இடத்தில் அவசரத்துக்குக் கடையில் கிடைத்த பைப்பை ஒட்டி இறக்கினோம். அறிக்கையில் பசையில் இருக்கிற கரைப்பான் வந்து நின்றது. அந்தத் தெருக்காரர்கள் நாலு மாதம் காத்திருந்தது அந்த ஒரு காகிதத்துக்காகத்தான். மறுபடியும் தோண்ட வேண்டியதாயிற்று, அவர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஏன் மூன்று? தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிய முக்கோணமாக மூன்று புள்ளி வேண்டும். பைப்புகளின் உச்சியை லெவல் வைத்து அளந்து, ஒரே நாளில் மூன்றிலும் நீர்மட்டம் எடுத்தால் திசை தெரிந்துவிடும். நம்ம ஊரில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாளையங்கால்வாயில் தண்ணீர் ஓடி, குளம் பெருகி நிற்கும்போது அங்கிருந்து ஊற்று ஊர்ப்பக்கம் தள்ளும், குளம் வற்றினால் திசையே மாறிவிடலாம். பிசான நெல் பருவத்தில், அதாவது மழைக்காலத்தை ஒட்டி, பாதிக்காத கிணறு கோடையில் வாடை அடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் கால்வாய் ஓடும்போது ஒரு தடவை, சித்திரையில் காய்ந்து கிடக்கும்போது ஒரு தடவை என்று கேட்டு வாங்குங்கள்.

மாதிரி எடுக்கும் அன்றைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். பைப்பில் தேங்கிக் கிடக்கிற பழைய தண்ணீரை முதலில் வெளியேற்ற வேண்டும். 2 அங்குல பைப்பில் ஒரு மீட்டருக்கு 2 லிட்டர், 5 மீட்டர் தண்ணீர் நின்றால் 10 லிட்டர், அதைப்போல் மூன்று மடங்கு. அல்லது நிமிஷத்துக்குக் கால் லிட்டர் மாதிரி மெதுவாக உறிஞ்சி, மீட்டரில் பிஎச்சும் உப்பளவும் மாறாமல் நிலைக்கிற வரை காத்திருக்க வேண்டும். வெளியேற்றிய தண்ணீரை வாய்க்காலில் விடக் கூடாது, டிரம்மில்தான். பென்சீனுக்கான சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, கவிழ்த்துத் தட்டிப் பார்த்து, உடனே ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்தால் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். சுத்தம் என்று நினைக்கிற கிணற்றில் ஆரம்பித்து மோசமானதில் முடிக்க வேண்டும். குப்பியில் எழுதிய நேரம், கையெழுத்து, ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரம் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

அந்த வாடை அடிக்கிற கிணற்றுக்குள் தூர் வாரவோ மோட்டார் பார்க்கவோ யாரையும் இறங்க விடாதீர்கள், பக்கத்தில் பீடி பற்ற வைக்கவும் கூடாது. அடியில் பெட்ரோல் ஆவி தேங்கி நிற்கும். இன்றைக்கே ஒரு மூடி போட்டுக் கட்டிவிடுங்கள்.