நாலு நாள் சென்னைப் பயணத்துக்கு முன்பே டோக்கன் போடலாமா?

கேள்வி: கோவில்பட்டியில் இருக்கிறோம். கணவருக்குச் சிறுசேரியில் வேலை கிடைத்திருக்கிறது. காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளோடு நாலு நாள் சென்னை வந்து பார்த்துவிட்டு, குடும்பத்தோடு மாறுவதா என்று முடிவெடுக்க நினைக்கிறோம். மூத்தவன் ஒன்பதாம் வகுப்பு, சின்னவள் நான்காம் வகுப்பு. இதற்குள் ஒரு புரோக்கர், மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு 9 லட்சம் போக்கியத்துக்கு இருக்கிறது, மாத வாடகையே கிடையாது, காலி செய்யும்போது முழுப்பணமும் திரும்பக் கிடைக்கும், இன்றே 50 ஆயிரம் டோக்கன் போடாவிட்டால் போய்விடும் என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். நேரில் வந்து வீடு பிடித்துப்போனாலும் அந்த நாலு நாளுக்குள் போடாதீர்கள்.

வீட்டுத் தகராறுகளுக்காக என்னிடம் வருபவர்களில் மனம் கனத்துப்போவது போக்கியத்தில் மாட்டியவர்களைப் பார்த்துத்தான். ஒரு குடும்பம் 8 லட்சம் கொடுத்துக் குடிவந்தது. ஏழாவது மாதம் காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பெரியவர் நின்றுகொண்டு, "நீங்க யாருங்க?" என்று கேட்டிருக்கிறார். அவர்தான் வீட்டுக்காரர். பணம் வாங்கியவன் அவரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்து, இவர்களுக்குப் போக்கியத்துக்கு விட்டவன். இவர்கள் பணத்திலிருந்தே ஆறு மாதம் வாடகை கட்டியிருக்கிறான். அப்புறம் ஆளைக் காணோம். உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். மாதம் 18 ஆயிரம் வாடகையென்றால் 9 லட்சத்தில் 50 மாத வாடகை இருக்கிறது. ஆறு மாதம் கட்டிவிட்டுக் கிளம்புகிறவனுக்கு மிச்சமெல்லாம் லாபம்.

சரி, உண்மையான வீட்டுக்காரர்தான் என்றே வைத்துக்கொள்வோம். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால்? 2002-ஆம் வருட சர்ஃபாசி சட்டப்படி வங்கி சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே வீட்டைக் கையகப்படுத்தலாம். 60 நாள் நோட்டீஸ் கடன் வாங்கியவருக்குப் போகும், உங்களுக்குப் போகாது. கதவில் ஒட்டும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்.

ஆகவே முதலில் பத்திர எண்ணையும் சர்வே எண்ணையும் கேளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்க்கலாம். வீடு யார் பேரில் இருக்கிறது, அடமானம் பதிவாகியிருக்கிறதா என்று அதில் தெரியும்.

கடன் இருக்கிற வீட்டில் ஒரே ஒரு வழி உண்டு. பலரும் இதைத் தப்பாகப் புரிந்துகொள்வதால் விளக்கமாகச் சொல்கிறேன். உங்கள் பணத்தை வைத்தே கடனை அடைப்பதாக வீட்டுக்காரர் சொன்னால், பணத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள், அவருடைய சேமிப்புக் கணக்கிலும் போடாதீர்கள். இன்னும் எவ்வளவு பாக்கி என்று வங்கியிடமே எழுத்தில் வாங்கச் சொல்லி, கடன் கணக்குக்கு நேராக நீங்கள் செலுத்த வேண்டும். கடன் முடிந்ததற்கான கடிதம் வந்து, அடமானம் ரத்தானது வில்லங்கத்திலும் ஏறிய பிறகு, போக்கியப் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும். நோட்டரி முத்திரை போதாது. 100 ரூபாய்க்குப் போக்கிய அடமானம் என்றாலும் பதிவு கட்டாயம், இரண்டு சாட்சிகளும் வேண்டும். கடன் பாக்கி உங்கள் தொகையைவிட அதிகம் என்றால் இந்த வழியும் அடைபட்டது. புரோக்கரிடம் இதையெல்லாம் சொன்னால் "அவ்வளவு எதுக்கும்மா" என்பார். அவருக்குக் கமிஷன் நீங்கள் பணம் கொடுத்த அன்றே வந்துவிடும்.

முதல் வருடம் வாடகைக்கே வாருங்கள். சட்டம் கைகொடுக்குமா என்று கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது. 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எல்லா ஒப்பந்தமும் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம் போட்டு இதிலிருந்து தப்பிக்க முடியாது. ஆனால் வீட்டுக்காரர்கள் இன்னும் பதினொரு மாதத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், கேட்பார் இல்லை. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று சொல்கிற அதே பிரிவு, இருவரும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் சரி என்றும் சொல்கிறது. ஒத்துக்கொள்ளாதவனுக்குச் சென்னையில் வீடு ஏது?

பயண நாளையும் மாற்றச் சொல்வேன். காலாண்டு விடுமுறையில் பள்ளி வண்டிகள் ஓடாது, சாலை காலியாகத் தெரியும். பள்ளிகளையும் பூட்டியபடிதான் பார்ப்பீர்கள். ஒரு நாளாவது பள்ளி நடக்கும் நாளாக இருக்கட்டும், பிள்ளைகளுக்கு லீவு போட்டால் குடி முழுகிவிடாது. அன்று காலை எட்டரைக்கு மேடவாக்கத்திலிருந்து சிறுசேரிக்குக் கணவரைப் பஸ்ஸில் போய்வரச் சொல்லுங்கள். மெரினாவும் தி.நகரும் அப்புறம் பார்க்கலாம்.

செப்டம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்காது, எந்தத் தெருவும் நல்ல தெருவாகத்தான் இருக்கும். மேடவாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் பக்கம். பக்கத்து வேளச்சேரியில், பெருமழை எச்சரிக்கை வந்தால் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். "தண்ணி நிக்குமா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். "2023 டிசம்பர் புயலில் எத்தனை நாள் கரண்ட் இல்லை?" என்று எதிர்வீட்டு அம்மாவிடமோ மூலைக் கடைக்காரரிடமோ கேளுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும். மாடிப்படிக்குக் கீழே சுவரைப் பாருங்கள், அங்கே மட்டும் புது பெயின்ட் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கரண்ட் மீட்டரைப் பக்கத்து வீடுகளைவிட உயரத்தில் மாற்றி வைத்திருந்தால் காரணம் கேட்கவே வேண்டாம். கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, அந்தச் செலவு பராமரிப்புத் தொகையில் சேர்த்தியா தனியா என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பிள்ளைகள் விஷயம் சுருக்கம். மாறுவதானால் மே, ஜூனில் மாறுங்கள். மூத்தவன் பத்தாம் வகுப்பின் நடுவில் இருக்கும்போது வேண்டாம். டி.சி. வாங்கும்போது எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளம்) பெயரைக் காமன் பூலுக்கு, அதாவது பள்ளி மாறுகிறவர்களின் பொதுப் பட்டியலுக்கு, விட்டார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள். விடாவிட்டால் புதுப் பள்ளியில் பெயர் ஏறாது, நீங்கள் இரண்டு ஊருக்கும் அலைய வேண்டும்.

புரோக்கருக்கு இன்றே போன் போட்டு, பத்திர எண்ணும் வீட்டுக்காரரை நேரில் பார்க்க ஒரு நேரமும் கேளுங்கள். "ஓனர் வெளிநாட்டில் இருக்கார், எல்லாம் நான்தான் பார்க்கிறேன்" என்றால் போனை வைத்துவிடுங்கள்.