ஒரு ஹரிக்கேன் கட்டிய கதை: கேள்வி பதில்

நல்லூரில் என் வீட்டு மேசையில் பிளாஸ்ரிக் கிற்றிலிருந்து (ஒட்டிச் சேர்க்கும் துண்டுகள் கொண்ட பெட்டி) நான்கு மாதமாகக் கட்டிய ஹோக்கர் ஹரிக்கேன் சண்டை விமான மொடல் போன கிழமை முடிந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலை சீனக்குடாவிலிருந்து ஜப்பானிய விமானங்களை எதிர்க்க எழுந்த பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் ஸ்குவாட்ரனை நினைத்துக் கட்டியது. பார்த்தவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோப்பாயிலிருந்து ஒரு மாணவர்: அண்ணை, எனக்கு 13 வயது. முதல் கிற். 72இல் ஒரு பங்கு வாங்கவா, 48இல் ஒரு பங்கு வாங்கவா?

தம்பி, ஹரிக்கேனின் இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 12.19 மீற்றர். 72 என்றால் 17 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, 48 என்றால் 25 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட. முதல் மொடலுக்கு 72 போதும். பெயின்ற் குறைவாகப் போகும், பிழைத்தாலும் மனம் அவ்வளவு நோகாது. பகுதிகளை அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் சட்டத்திலிருந்து வெட்ட முதல் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய் இருந்தால் பெயின்ற் உரிந்து வரும்.

மானிப்பாய்: கொக்பிற் (விமானி இருக்கும் இடம்) உள்ளே என்ன நிறம்? எல்லாம் பச்சை என்கிறார்கள்.

முழுக்கப் பச்சை அடித்தால் ஹரிக்கேன் ஹரிக்கேனாக இருக்காது. குழாய்ச் சட்டகம் அலுமினிய நிறம். மேலே பக்கத் தகடுகள்தான் சாம்பல் கலந்த பச்சை. இன்னொன்று, இந்த விமானத்துக்கு கொக்பிற்றில் தளமே கிடையாது. விமானியின் பாதங்களுக்கு இரண்டு தட்டுகள் மட்டும், அதற்குக் கீழே வெறும் இருட்டு. கிற்றில் தட்டையாக ஒரு தளம் தந்திருந்தால் நான் அதை வெட்டி எடுத்துவிடுவேன். மேலே கண்ணாடி மூடியை ஒட்டியபின் யாருக்குத் தெரியும் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும்.

சுன்னாகம்: பெயின்ற் உரிந்து வெள்ளி தெரிவதுபோல் காட்ட வெள்ளிப் பென்சில் பாவித்தேன். ஏதோ பிழையாகத் தெரிகிறது. ஏன்?

படத்தைப் பார்த்தேன். வால் பக்கமும் கீறியிருக்கிறீர்கள். அங்கேதான் பிழை. ஹரிக்கேனின் உடல் கொக்பிற்றுக்குப் பின்னால் தகடு அல்ல. மரச் சட்டங்களின் மேல் இழுத்துக் கட்டி, டோப் என்ற இறுக்கும் பூச்சுப் பூசிய துணி. துணி உரிந்தால் வெள்ளி எப்படித் தெரியும்? வாலில் அசையும் பகுதிகளும் துணிதான். ஹரிக்கேனின் இரண்டாம் வகையின் (Mk II) இறக்கைக்குத் தகடு போட்டிருந்தார்கள். அதனால் விமானி ஏறும் இறக்கை அடி, துப்பாக்கி மூடிகளின் ஓரம், எஞ்சின் மூடியின் திருகாணிகளைச் சுற்றிய இடம், இவற்றில் மட்டும் பென்சிலின் நுனியால் தொட்டு எடுங்கள். துணிப் பகுதிக்கு அடிநிறத்தில் கொஞ்சம் வெள்ளை கலந்து, சட்டங்கள் புடைத்த கோடுகளில் மெல்லிசாகத் தேய்த்தால் போதும், வெயில் பட்ட துணி மாதிரி வரும்.

சாவகச்சேரி: மேலே பச்சையும் மண்ணிறமுமா, பச்சையும் சாம்பலுமா? பெட்டிப் படம் ஒன்று, நீங்கள் அடித்தது இன்னொன்று.

எந்த நாள், எந்த இடம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகு நிறம், வட்டச் சின்னம், அழுக்கு எல்லாம் அந்த நாளுக்குள் வந்து நிற்கும். 1941 ஓகஸ்டுக்குப் பிறகு ஐரோப்பாவில் மண்ணிறத்துக்குப் பதில் கடற்சாம்பல் வந்தது. கிழக்கே பச்சையும் மண்ணிறமும் தொடர்ந்தன. பிரித்தானிய வட்டச் சின்னத்தின் நடுவிலுள்ள சிவப்பும் அப்படித்தான். ஜப்பானிய சிவப்பு வட்டத்தோடு குழப்பம் வரக்கூடாதென்று தென்கிழக்காசியாவில் பிறகு அதை நீக்கினார்கள். 1942 ஏப்ரலில் சிவப்பு இருந்தது. என்னுடையது பன்னிரண்டு துப்பாக்கி கொண்ட IIபி வகை: ஒவ்வொரு இறக்கையிலும் நான்கு சேர்ந்து, இரண்டு தள்ளி வெளியே. மூக்கின் அடியில் தூசி வடிகட்டியின் பெட்டி துருத்திக்கொண்டிருக்கும், அதைத் தவறவிட வேண்டாம்.

உரும்பிராய்: டெக்கல் (தண்ணியில் ஊறவைத்து ஒட்டும் சின்னப் படம்) ஒட்டினால் சுற்றிவர வெள்ளையாகப் படிகிறது.

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று நம் கிணற்றுத் தண்ணி. சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருகிற தண்ணி, கேத்திலின் அடியைப் பார்த்தால் தெரியும். அந்த வெள்ளைதான் டெக்கலைச் சுற்றியும் காய்கிறது. பற்றரிக்கு விடும் வடித்த நீரைப் பாவியுங்கள் (அசிட் அல்ல, கவனம்). மழைத் தண்ணியும் நல்லது. மற்றது, மங்கலான பெயின்ற்றின் மேல் நேரே ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளிப் பூத்ததுபோல் தெரியும். முதலில் பளபளப்பு வார்னிஷ், பிறகு டெக்கல், காய்ந்தபின் மங்கல் வார்னிஷ். நான் ஒரு நாள் முழுக்கக் காயவிடுவேன்.

கரவெட்டி: கொக்பிற்றின் கண்ணாடி மூடி பனி பிடித்ததுபோல் ஆகிவிட்டது!

சுப்பர் குளூதானே? எனக்கும் ஒரு மார்கழி மழைக்குள் இதே நடந்தது. இரண்டு கிழமை வேலை செய்த கொக்பிற் புகைக்குப் பின்னால் போய்விட்டது, அன்று இரவு மேசைப் பக்கமே போகவில்லை. ஈரக் காற்றில் அந்த ஆவி இன்னும் மோசமாகப் படியும். மூடிக்குக் காய்ந்தால் தெளிவாக நிற்கும் வெள்ளைப் பசை மட்டும். லக்கர் பெயின்ற்றும் மழை நாளில் பூஞ்சணம் பிடித்ததுபோல் வெளுக்கும், மழை விட்டு காற்று காயும்வரை பொறுத்து அடியுங்கள். சித்திரை வெயிலில் எதிர்மாறு, அக்ரிலிக் பெயின்ற் எயார்பிரஷ் (காற்றால் பெயின்ற் தெளிக்கும் கருவி) நுனியிலேயே காயும். காலை ஆறு மணிக்கு அடியுங்கள்.

வட்டுக்கோட்டை: லண்டனிலிருந்து மாமா வருகிறார். என்ன கொண்டுவரச் சொல்லலாம்?

கிற், டெக்கல், அரம், மாஸ்கிங் ரேப். ஸ்பிறே ரின், தின்னர், எனாமல், பிளாஸ்ரிக் ஒட்டு வேண்டாம். எரியக்கூடியவை, விமானத்தில் விடமாட்டார்கள்.

அச்சுவேலி: செம்மண் தூவி ஓடுபாதை செய்யலாமா?

அரை மில்லிமீற்றர் மணல் 72இல் ஒரு பங்கில் 36 மில்லிமீற்றர் கல்லாகிவிடும். பழைய சேலைத் துணியில் இரண்டு தரம் சலித்து, மாவை மட்டும் எடுங்கள். ஆனால் அது நம் வலிகாமத்து மண். சீனக்குடாவில் நிற்கும் விமானத்தின் சக்கரத்தில் அதைப் பூச நான் ஒப்பமாட்டேன்.

கொக்குவில்: பக்கத்தில் ஒரு ஜீரோ (ஜப்பானிய சண்டை விமானம்) வைக்க ஆசை. வாலில் எந்தப் பட்டை?

உடலைச் சுற்றி, வாலுக்கு முன்னால் வரும் பட்டை அது. அன்று வந்த விமானந்தாங்கிக் கப்பல்கள் ஐந்து: அகாகிக்கு ஒரு சிவப்பு, சோரியுவுக்கு ஒரு நீலம், ஹிரியுவுக்கு இரண்டு நீலம், ஷோகாகுவுக்கு ஒரு வெள்ளை, சுயிகாகுவுக்கு இரண்டு வெள்ளை. காகாவின் இரண்டு சிவப்பைப் போடாதீர்கள். அது இந்தத் தாக்குதலுக்கு வரவில்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: அம்மாவுக்கு வீட்டில் சண்டை விமானம் இருப்பது பிடிக்கவில்லை. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

உங்கள் அம்மாவோடு வாதாட வேண்டாம். பொம்மர் சத்தம் கேட்டு பங்கருக்குள் பிள்ளைகளைத் தள்ளியவர்களுக்கு விமானம் விளையாட்டுப் பொருள் ஆகாது. நானும் அந்தப் பங்கருக்குள் இருந்த பிள்ளைதான். எனக்குச் சத்தம்தான் முதலில் தெரியும், உருவம் பிறகு. ஒரு விமானத்தை எப்படிக் கட்டினார்கள், எங்கே துணி, எங்கே தகடு, உள்ளே இருந்தவனுக்கு காலடியில் என்ன தெரிந்தது என்று கையால் தொட்டுப் பார்க்கத்தான் இதைத் தொடங்கினேன். என் அம்மா முதல் இரண்டு மொடலையும் பார்க்கவே இல்லை. மூன்றாவதன் சில்லைத் தொட்டு, "இவ்வளவு சின்னதோ" என்றா. அலுமாரி அறைக்குள்ளேயே இருக்கட்டும், முன் விறாந்தைக்குக் கொண்டுவர வேண்டாம்.

நெல்லியடி: ஏரியல் கம்பிக்கு என்ன பாவித்தீர்கள்?

கிற் சட்டத்தின் துண்டு. மெழுகுதிரிக்கு மேலே, சுடரில் படாமல் சுழற்றி, இளகியதும் வெளியே எடுத்து மெல்ல இழுங்கள். மயிரிழையாக வரும். பத்துத் தரம் இழுத்தால் இரண்டு சரியாக வரும்.