கன்னத்தில் குத்தும் தலையணை

கேள்வி: அக்கா, சென்ற மாதம் 80க்கு 80 செ.மீ. அளவில் இரண்டு தலையணைகள் வாங்கினேன். சீட்டில் 'ஹால்ப்டவுனன்' என்று இருந்தது. பாதிக்குப் பாதி தூவி, அதாவது பறவையின் மென்மையான உள்மயிர், என்று நம்பிவிட்டேன். இரவெல்லாம் கன்னத்தில் ஊசியாகக் குத்துகிறது. போதாக்குறைக்கு, வீட்டில் துவைத்த தூவிப் போர்வையில் ஈர நாய் வாடை. ஏமாந்துவிட்டேனா?
- வாசகி, ஹம், ஜெர்மனி

பதில்: ஸ்டுட்கார்ட்டில் ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் 19 ஆண்டுகள் நின்றவள் நான். முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜெர்மன் வழக்கில் 'ஹால்ப்' என்றால் பாதி; ஆனால் 'ஹால்ப்டவுனன்' என்றால் எடையில் 15 சதவீதம் தூவி, மீதி 85 இறகு. 'முக்கால் தூவி' என்று எழுதியிருந்தால் இன்னும் வேடிக்கை: அதில் 30 சதவீதம்தான். பெயரை விடுங்கள், அருகில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள்.

இறகுக்கு நடுவே தண்டு உண்டு; தட்டையாக, சற்று வளைந்திருக்கும். தூவிக்குத் தண்டு கிடையாது. வாத்து, தாரா ஆகியவற்றின் மார்பில் மேலிறகுகளுக்கு அடியில் இருக்கும் பஞ்சுப் பொட்டு அது. எல்லாத் திசையிலும் இழை விரித்துக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய உரைகாரர்கள் பஞ்சசயனத்தின், அதாவது படுக்கைக்கான ஐந்து மென்பொருள்களில், ஒன்றாக எண்ணும் அன்னத்தூவியும் இந்த வகைதான். ஆகவே சூடு வேண்டுமென்றால் தூவி. தலையைத் தாங்க வேண்டுமென்றால் இறகு, அந்த வளைந்த தண்டுதான் வில்போல் நின்று தாங்குகிறது. முழுத் தூவித் தலையணையில் படுத்துப் பாருங்கள், நடுச்சாமத்தில் தலை மெத்தையைத் தொட்டிருக்கும். அதனால் தலையணை விஷயத்தில் நீங்கள் ஏமாறவில்லை. அதே சீட்டுப் போர்வையில் இருந்திருந்தால் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லியிருப்பேன்.

குத்துவது தண்டின் நுனி. அதை வெளியே பிடுங்காதீர்கள்! துளை பெரிதாகி, பின்னாலேயே இன்னும் நாலு வரும். மறுபக்கத்திலிருந்து துணியோடு சேர்த்துப் பிடித்து நுனியை உள்ளே இழுத்துவிட்டு, அந்த இடத்தை விரலால் தேய்த்தால் நூல் மூடிக்கொள்ளும். உறைக்கு அடியில் தடித்த பருத்தி உறை இன்னொன்று போடுங்கள்.

வாடைக்குக் காரணம், உள்ளே காயாத கட்டிகள். மேல்துணி காய்ந்துவிடும், தூவி மட்டும் உருண்டு ஈரமாகவே கிடக்கும். எங்கள் பெரிய உலர்த்தும் இயந்திரத்திலேயே ஒரு போர்வைக்கு இரண்டு மணி நேரம் தாண்டும். குறைந்த சூட்டில், மூன்று டென்னிஸ் பந்துகளோடு சுழற்றுங்கள். இடையிடையே வெளியே எடுத்துக் கட்டிகளைக் கையால் பிரித்துவிடுங்கள். துவைக்கும்போது சோப்புத்திரவம் கொஞ்சம் போதும். மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். கம்பளம் தட்டும் பிரம்பால் அடிப்பதையும் விடுங்கள், தண்டு ஒடிந்து தூளாகும்.

கேள்வி: சில ஆயிரம் யூரோவுக்கு ஐஸ்லாந்து தூவிப் போர்வை விற்கிறார்களே, இது நியாயமா?
- வாசகர், டோர்ட்முண்ட்

பதில்: அங்கே ஐடர் என்னும் கடல்வாத்து, தன் மார்புத் தூவியைத் தானே பிடுங்கிக் கூட்டுக்கு மெத்தை போடுகிறது. பண்ணையாட்கள் கூடுகளிலிருந்து அதைக் கையால் சேகரிக்கிறார்கள். சுத்தம் செய்த ஒரு கிலோ தூவிக்கு ஏறக்குறைய 60 கூடுகள் வேண்டும். இழைகள் ஒன்றையொன்று கொக்கி போலப் பற்றிக்கொள்வதால், ஒரு பிடி எடுத்து உதறினாலும் சிதறாது. விலைக்குக் காரணம் புரிகிறது. எங்கள் ஹோட்டலில் ஒரே ஒரு விருந்தினர் அப்படிப்பட்ட போர்வையைச் சொந்தமாகக் கொண்டுவந்தார். சலவைக்குத் தரவில்லை.