கோப்புகளை அடுக்கும் வேலைக்கா என் மகள் வடிவமைப்புப் படித்தாள்?

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் தொடர்பு வடிவமைப்புப் பட்டயப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள், வேலைப்பயிற்சிக்காக ஒரு நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் பிரிவில் சேர்ந்திருக்கிறார் என்றும், அங்கே சுவரொட்டி வடிவமைக்கும் வாய்ப்பைத் தராமல், பழைய படங்களையும் காணொளிகளையும் வகைபிரித்துப் பெயரிட்டு அடுக்கும் வேலையையே கொடுத்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். பயிற்சியை இடையில் விட்டுவிடச் சொல்லலாமா, படிப்பையே மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. பெரும்பாலான வடிவமைப்பு மாணவர்களுக்கு வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்தே தெரியவரும் ஒரு துறையின் உள்ளே உங்கள் மகள் இப்போதே நிற்கிறார். படம், காணொளி போன்ற கோப்புகளை ஒழுங்குபடுத்திப் பாதுகாக்கும் அந்தத் துறைக்கு மின்னிலக்கச் சொத்து மேலாண்மை என்று பெயர். அதை முறையாகக் கற்றுக்கொள்ள அவருக்கு உதவுவது எப்படி என்பதைப் பற்றியே விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதலில், அந்த வேலை ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பார்ப்போம். ஒரு நிறுவனம் தீபாவளிக்காக ஒரே ஒரு விளம்பரத்தை வெளியிட முடிவுசெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் அது நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் தேவைப்படலாம். சமூக ஊடகத்துக்குச் சதுர வடிவிலும், கைப்பேசித் திரைக்கு நெடுக்காகவும், இணையப் பதாகையாகவும், மின்னஞ்சல் தலைப்பாகவும், பேருந்து நிறுத்தப் பலகைக்கும், கடை வாயிலுக்கும் என ஆறு அளவுகளில் வேண்டும். நான்கு மொழிகளும் ஆறு அளவுகளும் சேர்ந்தால் 24 கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரைவுகள் உருவானால் 72. இவற்றோடு மூலப் புகைப்படங்கள், எழுத்துருக்கள், சின்னங்கள், காணொளித் துண்டுகள், அச்சகத்துக்கு அனுப்பிய பிடிஎஃப் கோப்புகள் எல்லாம் சேரும். ஒரு விளம்பரத்துக்கே இவ்வளவு என்றால், ஆண்டு முழுவதும் சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தேசிய தினம், கிறிஸ்துமஸ் என்று தொடர்ந்து இயங்கும் ஒரு குழுவிடம் சேரும் குவியலை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தக் குவியலில் தவறான கோப்பு ஒன்று கையில் அகப்படும்போது என்ன நிகழும் என்பது நம் சமூகத்துக்கு நன்றாகவே தெரியும். பொது இடங்களில் வைக்கப்பட்ட அறிவிப்புகளில் தமிழ் எழுத்துகள் சிதைந்து கிடப்பதைப் பார்த்து நாம் வருந்தியிருக்கிறோம். அதற்குப் பல காரணங்கள் உண்டு. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்துக்கோர்ப்பு முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால், 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். கோப்பைத் திறக்கும் கணினியில் உரிய எழுத்துரு இல்லாவிட்டால், வேறொன்று அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இவை இரண்டையும்விட எனக்கு மிகுந்த வருத்தம் தருவது மூன்றாவது காரணம்: தமிழ் அறிந்த ஒருவர் பிழையெல்லாம் திருத்திக் கொடுத்திருப்பார், திருத்திய கோப்பும் எங்கோ பத்திரமாக இருக்கும், ஆனால் அச்சகத்துக்குப் போனது திருத்தத்துக்கு முந்தைய கோப்பாக இருக்கும். எது ஒப்புதல் பெற்ற கோப்பு, எது ஒதுக்கப்பட்ட வரைவு என்று எவரும் ஐயமின்றிச் சொல்லும்படி வைத்திருப்பதுதான் உங்கள் மகளிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கும் வேலையின் சாரம். தமிழைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அந்த இடத்தில் இருப்பது அந்தக் குழுவுக்குப் பெரும் பலம்.

இனி, அவர் கற்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். கோப்புக்குப் பெயரிடுவது எளிதானது. ஓரிரு வாரங்களில் கைவந்துவிடும். 'இறுதி', 'இறுதி புதியது', 'உண்மையான இறுதி' என்று பெயரிடும் பழக்கத்தை விட்டுவிட்டு, தேதி, விளம்பரத்தின் பெயர், மொழி, அளவு, வரைவு எண் என்று ஒரே வரிசையில் எழுத வேண்டும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவது ஐஎஸ்ஓ 8601 என்ற அனைத்துலகத் தரம். அப்படி எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நின்றுகொள்ளும். விண்டோஸ் கணினியில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி போன்ற சில குறிகளைப் பெயரில் பயன்படுத்த இயலாது என்பதையும், கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கிக்கொண்டே போனால் முழு முகவரியும் 260 எழுத்துகளைத் தாண்டும்போது பல மென்பொருள்கள் கோப்பைத் திறக்க மறுக்கும் என்பதையும் அவர் தெரிந்துகொண்டால் போதும்.

கடினமானதும் மதிப்புமிக்கதும் அடுத்த படிதான். ஒரு புகைப்படக் கோப்புக்குள்ளேயே அதை எடுத்தவர் யார், உரிமையாளர் யார், படத்தில் இருப்பது என்ன, எந்தச் சொற்களைக் கொண்டு அதைத் தேடலாம் என்பனவற்றை எழுதிச் சேர்க்க முடியும். செய்தித்துறைக்காக உருவான ஐபிடிசி தரமும், அடோபி நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்திய எக்ஸ்எம்பி முறையும் இதற்கு உதவுகின்றன. இத்தகைய விவரத் தரவு இல்லாத படம், யாருக்காவது நினைவில் இருக்கும்வரை மட்டுமே பயன்படும். அதைப் பற்றி அறிந்த ஊழியர் வேலை மாறிப் போனால் படம் இருந்தும் இல்லாததாகிவிடும். விவரங்களை எழுதுவதிலும் ஒழுங்கு வேண்டும். ஒரே வட்டாரத்தை ஒருவர் 'லிட்டில் இந்தியா' என்றும், இன்னொருவர் 'தேக்கா' என்றும், மூன்றாமவர் 'சிராங்கூன் சாலை' என்றும் குறித்து வைத்தால், அங்கே எடுத்த தீபாவளி ஒளியூட்டுப் படங்களைத் தேடுபவருக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஆகவே எந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்துவது என்று முன்கூட்டியே முடிவுசெய்து, குழு முழுவதும் ஒப்புக்கொண்ட சொற்பட்டியல் ஒன்றை உருவாக்க வேண்டும். நூலகவியலில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் முறை இது. பட்டியலை எழுதுவதைவிட, வெவ்வேறு பழக்கம் உள்ள எட்டுப் பேரை அதற்கு இணங்க வைப்பது கடினம். அந்தப் பேச்சுத்திறனும் இந்தத் தொழிலின் ஒரு பகுதிதான்.

பொறுப்பும் அதற்கேற்ற ஊதியமும் உயர்வது உரிமைகளைக் கண்காணிக்கும் இடத்தில். 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சிங்கப்பூரில் அவ்வாண்டு நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி, வெளியாள் ஒருவரைப் பணித்து எடுக்கப்படும் புகைப்படத்துக்கு, ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் குறிப்பிடாத வரை, புகைப்படக் கலைஞரே முதல் உரிமையாளர். ஊழியர் தம் வேலையின் பகுதியாக உருவாக்கியதற்கோ முதலாளி உரிமையாளர். பணம் கொடுத்துவிட்டதாலேயே படம் நமக்குச் சொந்தம் என்று கருதும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இங்கே பொருந்தும்; முகம் அடையாளம் தெரியும் படமும் தனிநபர் தரவே என்பதால், இணக்கம் பெறப்பட்டதா, எந்த நோக்கத்துக்காகப் பெறப்பட்டது என்ற குறிப்பு படத்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும். விலைக்கு வாங்கிய படங்கள், இசை, எழுத்துருக்கள் ஆகியவற்றுக்கு உரிமக் கட்டுப்பாடுகள் உண்டு. நடித்துக்கொடுத்தவர்களின் ஒப்பந்தம் ஓராண்டோடு முடிவடையலாம். எந்தக் கோப்பை எந்த நாளுக்குப் பின் பயன்படுத்தக் கூடாது என்பதை உரிய நேரத்தில் எச்சரித்துச் சொல்லக்கூடியவர், நிறுவனத்தை வழக்கிலிருந்து காப்பாற்றுபவர். உங்கள் மகள் இந்தப் பகுதியைக் கற்க வாய்ப்புக் கிடைத்தால் தயங்காமல் முன்வர வேண்டும்.

சேமிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில் என்பதே நெடுநாள் வழக்கம். மேகச் சேமிப்போடு தானாக ஒத்திசையும் கோப்புறையைப் பலர் காப்புப் பிரதி என்று நம்பிவிடுகிறார்கள். ஒரு கணினியில் அழித்தால் அது எல்லா இடத்திலும் அழிந்துவிடும் என்பதால், அந்த நம்பிக்கை ஆபத்தானது.

மென்பொருளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சிறிய குழுக்கள் கூகல் டிரைவ், ஷேர்பாயிண்ட், டிராப்பாக்ஸ் போன்றவற்றைக் கொண்டே சமாளிக்கின்றன. பெரிய நிறுவனங்கள் அடோபி எக்ஸ்பீரியன்ஸ் மேனேஜர், பைண்டர், கான்டோ போன்ற தனி அமைப்புகளை வைத்திருக்கின்றன. இவற்றுள் ஒன்றைக் கற்கப் பெரும் கட்டணம் செலுத்தி வகுப்பில் சேர வேண்டாம். திறமூல மென்பொருளான ரிசோர்ஸ்ஸ்பேஸிலும், சந்தாக் கட்டணமின்றிக் கிடைக்கும் அடோபி பிரிட்ஜிலும் பயிற்சி செய்தாலே அடிப்படை விளங்கிவிடும். பயிற்சிக் கட்டணத்துக்காக அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை 25 வயதிலிருந்தே கிடைக்கும் என்பதால், இப்போதைக்கு அதைக் கணக்கில் கொள்ளாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்த பின் இந்த வேலை நிலைக்குமா என்ற உங்கள் அச்சம் நியாயமானது. படத்தில் விளக்கு இருக்கிறது, சேலை அணிந்த பெண் இருக்கிறார் என்று குறிச்சொல் இடுவதை இன்று மென்பொருளே செய்கிறது. கையால் குறிச்சொல் இடுவதை மட்டுமே தெரிந்தவருக்கு வாய்ப்புகள் குறையும் என்பதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பெண் இணக்கம் தந்தாரா, எந்த வரைவுக்கு மேலாளர் ஒப்புதல் அளித்தார் என்பனவற்றைப் படத்தைப் பார்த்து அறிய இயலாது. மேலும், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட படங்கள் பெருகப் பெருக, எந்தப் படம் எங்கிருந்து வந்தது என்ற பதிவேட்டின் தேவை கூடிக்கொண்டே போகிறது.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மின்னிலக்கச் சொத்து மேலாளர் என்ற பெயரிலேயே அறிவிக்கப்படும் பணியிடங்கள் சிங்கப்பூரில் அதிகமில்லை. மைகேரியர்ஸ்ஃபியூச்சர் வேலைவாய்ப்புத் தளத்தில் தேடும்போது ஸ்டூடியோ ஒருங்கிணைப்பாளர், படைப்புப் பணி நிர்வாகி, உள்ளடக்க நிர்வாகி, சந்தைப்படுத்தல் செயல்பாட்டு நிர்வாகி போன்ற பெயர்களிலும் தேட வேண்டும். விளம்பர நிறுவனங்கள், வங்கிகள், சில்லறை வணிகக் குழுமங்கள், ஒளிபரப்பு நிறுவனங்கள், இங்கே வட்டாரத் தலைமையகம் வைத்திருக்கும் பன்னாட்டு நிறுவனங்கள் ஆகியவற்றில் இத்தகைய பணிகள் உண்டு. 1968இல் தொடங்கப்பட்ட தேசிய ஆவணக் காப்பகம், தேசிய நூலக வாரியம், அரும்பொருளகங்கள் ஆகியவற்றிலும் இதே திறன் வேறு வடிவில் தேவைப்படுகிறது. 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவம் பெற்றபோது, ஒவ்வொரு நூலுக்கும் விவரம் எழுதித் தேடக்கூடியதாக ஆக்கும் வேலையும் அதில் அடங்கியிருந்தது. பின்னாளில் மேலே படிக்க விரும்பினால், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வீ கிம் வீ பள்ளி தகவலியல் துறையில் முதுநிலைப் படிப்பு வழங்குகிறது. ஆனாலும் வடிவமைப்பை அவர் கைவிடக் கூடாது. வடிவமைப்பாளரின் அவசரத்தையும் பழக்கங்களையும் உள்ளிருந்து அறிந்தவர் வகுக்கும் ஒழுங்கைத்தான் மற்ற வடிவமைப்பாளர்கள் பின்பற்றுவார்கள்.

இப்போது செய்யக்கூடியவை சில உண்டு. நிறுவனத்தை நீங்கள் தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டாம். அது அவருக்கு நன்மை செய்யாது. ஒரு விளம்பரத்தின் கோப்புகளைத் தொடக்கம் முதல் அச்சுக்குப் போகும்வரை தாமே பொறுப்பேற்றுக் கவனிக்க வாய்ப்பளிக்குமாறு மகளே தம் மேற்பார்வையாளரிடம் கேட்கட்டும். எவரும் எதையும் விளக்காமல், பயிற்சிக் காலம் முழுவதும் பெயர் மாற்றும் வேலை மட்டுமே தொடர்ந்தால், பயிற்சியைக் கண்காணிக்கும் விரிவுரையாளரிடம் அவர் முறையிட வேண்டும். அப்போது நீங்கள் அவருக்குத் துணைநிற்பது சரியே.

விடுமுறையில், உங்களுக்குத் தெரிந்த தமிழ் அமைப்பு ஒன்றின் நிகழ்ச்சிப் படங்களை, அவர்களின் அனுமதியோடு ஒழுங்குபடுத்தித் தர முயலலாம். ஏப்ரலில் தமிழ் மொழி விழா நிகழ்ச்சிகளில் எடுக்கப்படும் படங்களில் பல வாட்ஸ்அப் குழுக்களிலேயே தங்கிவிடுகின்றன. வழக்கமான முறையில் அதில் அனுப்பினால் படத்தின் தரம் குறைவதோடு, எடுத்த நாள் போன்ற விவரங்களும் நீங்கிவிடும் என்பதால், மூலக் கோப்புகளைப் படமெடுத்தவரிடமிருந்தே பெற வேண்டும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தம் வடிவமைப்புகளோடு கோப்புறை அமைப்பின் வரைபடம், சொற்பட்டியல், உரிமைகளுக்கான அட்டவணை ஆகிய மூன்றையும் அவர் இணைக்கட்டும். பயிற்சி நிறுவனத்தின் உண்மையான கோப்புகளையோ விவரங்களையோ அதில் காட்டக் கூடாது. கற்பனையான ஒரு வணிகச் சின்னத்தை வைத்து மாதிரியாகத் தயாரிப்பதே முறை. அந்த மாதிரியின் முதல் வரைவு தயாரானதும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். படித்துக் குறிப்பு எழுதித் தருகிறேன்.