குழந்தைப் படம்: ப்ராப்ஸும் ஃபோகஸும் - வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ப்ராப்ஸ், அதாவது படத்தில் பிள்ளையோடு வைக்கும் பொருட்கள், பற்றியவை. மீதி, "படம் ஷார்ப்பா வரல" என்ற புலம்பல். இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன. இந்தப் படத்தில் பார்க்க வேண்டியது எது என்று முடிவு செய்யாமலே ஷட்டரை அழுத்திவிடுகிறீர்கள். சரி, பதில்களுக்குப் போகலாம்.

கேள்வி: புதிதாக 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கினேன். எட்டு மாதப் பையனை எடுத்தால் முக்கால்வாசிப் படம் மங்கல். லென்ஸில் கோளாறா? (குழித்துறை)

லென்ஸில் ஒரு குறையும் இல்லை. எஃப் எண் என்பது லென்ஸின் திறப்பு. எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும், தெளிவாக விழும் ஆழம் குறையும். கிராப் சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் எஃப் 1.8 வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர்தான். மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண் போய்விடும். எட்டு மாதக் குழந்தை ஒரு தடவை தலையை ஆட்டினாலே அதைவிட அதிகம் நகர்ந்துவிடும். எஃப் 4 வையுங்கள், ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் கிடைக்கும். 1.8, 2 எல்லாம் தூங்குகிற பிள்ளைக்கு. தவழும் பிள்ளைக்குத் தொடர் ஃபோகஸ் (பிள்ளை நகர நகரக் கேமராவே பின்தொடர்ந்து ஃபோகஸ் பிடிக்கும் முறை), ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே போகக் கூடாது. ஃபோகஸ் பிடித்துவிட்டு அப்புறம் கேமராவைத் திருப்பிக் காட்சியை அமைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இவ்வளவு குறைந்த ஆழத்தில் அந்தத் திருப்பலிலேயே கண் நழுவிவிடும். ஃபோகஸ் புள்ளியையே நகர்த்திக் கண்மேல் வையுங்கள், அதுவும் கேமராவுக்குப் பக்கத்தில் உள்ள கண்ணில்.

கேள்வி: நான் எடுக்கும் படங்கள் ஏன் நன்றாக வருவதில்லை? (நாகர்கோவில்)

படத்தை அனுப்பவில்லை, கேமரா எது என்று சொல்லவில்லை, பிள்ளைக்கு எத்தனை மாதம் என்றும் எழுதவில்லை. இந்த மூன்றும் இல்லாமல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

கேள்வி: தோவாளைச் சந்தையில் பூ வாங்கி, பூப்படுக்கை போட்டு மகளைப் படுக்க வைத்து எடுக்க ஆசை. என்ன பூ வாங்கலாம்? (ஆரல்வாய்மொழி)

அரளி மட்டும் வேண்டாம். அது விஷச் செடி, பூவும் அதில் அடக்கம். குழந்தையின் கை எட்டும் எதுவும் வாய்க்குத்தான் போகும். பிச்சி, கேந்தி வாங்கினால் வெள்ளைத் துணியில் உதறி எறும்பு பாருங்கள். உண்மையில் பூவைக் குழந்தைக்கு அடியில் போடவே தேவையில்லை. ஒரு கொத்து கேந்தியை யாராவது லென்ஸுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் பிடிக்கட்டும். எஃப் 2.8இல் கண்ணில் ஃபோகஸ் வைத்தால், ஓரத்தில் மஞ்சள் புகைபோலப் படரும். பூ படத்துக்குள் இருக்கும், பிள்ளைமேல் ஒரு இதழ்கூடப் பட்டிருக்காது.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ஒரு பச்சைக்குழந்தை உருளிக்குள் உட்கார்ந்து, இரண்டு கையிலும் தாடையைத் தாங்கிக்கொண்டு தூங்கும் படம் பார்த்தோம். இருபத்தெட்டு கெட்டு (பிறந்த 28ஆம் நாள் இடுப்பில் கறுப்பு நூல் கட்டும் சடங்கு) அன்று பேரனுக்கு அப்படி ஒன்று எடுக்க வேண்டும். வீட்டில் பெரிய வெண்கல உருளி இருக்கிறது. எப்படி உட்கார வைப்பது? (களியக்காவிளை)

உட்கார வைக்கவே கூடாது. இதைப் பல தடவை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

28 நாள் குழந்தைக்குக் கழுத்து நிற்காது. தலை ஓரளவு உறுதிப்படவே மூன்று நான்கு மாதம் ஆகும். தானாக உட்கார ஆறு மாதமாவது வேண்டும். நீங்கள் பார்த்த படம் ஒரே படமல்ல. ஒன்றில் உதவியாளர் குழந்தையின் தலையைப் பிடித்திருப்பார், இன்னொன்றில் மணிக்கட்டைப் பிடித்திருப்பார். இரண்டையும் கணினியில் ஒட்டி, பிடித்த கையை அழித்துவிடுவார்கள். ஒரு நொடிகூட அந்தக் குழந்தை தன் தலையைத் தானே தாங்கவில்லை. எடுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பார்க்கிற தாய் தகப்பனுக்குத்தான் தெரியாது. அவர்கள் அதே மாதிரி வேண்டும் என்று நம் பக்கத்து ஸ்டுடியோக்களில் கேட்கிறார்கள், "முடியாது" என்று சொல்ல மனமில்லாத ஸ்டுடியோக்காரர் பிள்ளையை வளைத்துப் பார்க்கிறார். எனக்குக் கோபம் அங்கேதான். படத்தைப் போடுகிறவர்கள் "இது இரண்டு படம் சேர்த்தது" என்று ஒரு வரி எழுதினால் போதும், எத்தனையோ பிள்ளைகளின் கழுத்து தப்பும்.

அப்புறம் உருளியைப் பாருங்கள். அடிப்பாகம் உருண்டை, தரையில் ஆடும். விளிம்பு கெட்டி. வெண்கலம் சில்லென்று இருக்கும், பச்சைக்குழந்தையின் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். எத்தனை துணி மடித்துப் போட்டாலும் இந்த மூன்றில் முதல் இரண்டு மாறாது. தூளியில் தொங்கவிட்டு எடுப்பதும், நிலவிளக்கைப் பக்கத்தில் ஏற்றி வைப்பதும் இதே கணக்கில்தான் சேரும். விளக்கு வேண்டுமென்றால் அதைத் தனியாக எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உருளியை விட மனமில்லையா, இப்படிச் செய்யுங்கள். தரையில் மெத்தை, அதன்மேல் பிள்ளை மல்லாந்து. இரண்டு அடி தள்ளி உருளி, அதில் அரிசியோ பூவோ. ஸ்டூலில் ஏறாமல், பிள்ளையின் பக்கத்தில் முட்டிபோட்டு மேலிருந்து எடுங்கள். கேமரா வார் கழுத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். கை நழுவினால் லென்ஸ் எங்கே விழும் என்று யோசித்துப் பாருங்கள். கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு ஆள், வேறு வேலை எதுவும் இல்லாமல், பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: அதே சடங்குக்கு ப்ராப்ஸ் ஒன்றும் வாங்க வசதியில்லை. செல்போன்தான் இருக்கிறது. (திருவட்டாறு)

வாங்க வேண்டாம், உங்களிடம் எல்லாம் இருக்கிறது. கறுப்பு நூல் கட்டி முடிச்சுப் போடும் நேரத்தில் அந்த முடிச்சில் தொட்டு ஃபோகஸ் வையுங்கள். கட்டுகிற கையின் சுருக்கமும், இடுப்பு மடிப்பில் படிந்த பவுடரும் தெளிவாக வரட்டும், முகம் பின்னால் கலங்கிப் போகட்டும். குழந்தைப் படம் என்றால் முகம் தெளிவாக இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. கண் தெளிவாக இருக்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது, படம் கண்ணைப் பற்றியதாக இருக்கும்போது. இது நூலைப் பற்றிய படம். வசம்பு வளையல், பாட்டி விரலைப் பிடித்த பிஞ்சுக் கை, உள்ளங்கால் ரேகை எல்லாவற்றுக்கும் இதேதான். போனை ரொம்ப நெருக்கிவிடாதீர்கள், ஃபோகஸ் பிடிக்காது. சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள்.

கேள்வி: படம் எடுக்கும்போது அழாமல் இருக்க, நிப்பிளில் மார்த்தாண்டம் தேன் தொட்டு வைக்கலாமா? நான்கு மாதம். (பாறசாலை)

கூடாது. ஒரு வயது முடியும்வரை எந்தத் தேனும் கூடாது, எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும். பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரக்கூடும், அது நரம்பைப் பாதிக்கும். அழுதால் பால் கொடுங்கள், படம் அரை மணி நேரம் கழித்து எடுக்கலாம்.

கேள்வி: பலராமபுரம் கசவு முண்டு விரித்து அதன்மேல் எடுத்தேன். முண்டு சாம்பலாகவும் குழந்தை கறுப்பாகவும் வருகிறது. (நெய்யாற்றின்கரை)

கேமரா வெள்ளையைப் பார்த்து ஏமாறுகிறது. வெளிச்சம் அதிகம் என்று நினைத்துத் தானாகக் குறைத்துவிடுகிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் (கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் வசதி) முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள், ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம். முகத்தைப் பார்த்துச் சரிசெய்யுங்கள், சரிகை ஓரம் கொஞ்சம் எரிந்து போனாலும் பரவாயில்லை. அப்புறம் குழந்தையை எடிட்டிங்கில் வெளுக்க வைக்காதீர்கள். அவன் நிறம் அவன் நிறம்.

கேள்வி: ஜூன் மழையில் வீட்டுக்குள் இருட்டு. டியூப் லைட் போட்டால் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம். (குலசேகரம்)

டியூப் லைட்டை அணையுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் எந்த ஒயிட் பேலன்ஸும் (வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) காப்பாற்றாது. மழைமேகம் மூடிய வாசல்தான் நம் ஊரில் கிடைக்கும் சிறந்த வெளிச்சம், காசு கொடுத்தாலும் அந்த மென்மை வராது. வாசலுக்கு ஒரு மீட்டர் உள்ளே, சாரல் அடிக்காத இடத்தில் மெத்தையைப் போடுங்கள். வெளிச்சம் தலைப் பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ முகத்தில் இறங்க வேண்டும். கால் பக்கத்திலிருந்து ஏறினால் மூக்குத் துளையும் தாடையும் பளிச்சென்று தெரிந்து முகமே மாறிவிடும். ஐஎஸ்ஓவை (கேமராவின் வெளிச்ச உணர்திறன்) 1600, 3200 வரை தாராளமாகக் கூட்டுங்கள். புள்ளி விழுந்த படத்தைப் பார்க்கலாம், ஆடிய படத்தைப் பார்க்க முடியாது. வாசலுக்கு வெளியே ரப்பரும் வாழையும் நெருக்கமாக இருந்தால் தோலில் பச்சை சாயும். அந்தப் பச்சையை மறைக்கும்படி ஒரு வெள்ளை விரிப்பைக் கட்டினால் குறையும்.

கேள்வி: அஷ்டமி ரோகிணிக்குக் கிருஷ்ணர் வேஷம். மயிற்பீலி, குழல், வெண்ணெய்ப் பானை, கிரீடம், ஊஞ்சல், பசு பொம்மை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கிறது. எதெதை வைக்கலாம்? பதினோரு மாதம். (தக்கலை)

ஒன்று. பானையை வையுங்கள், அதில் உண்மையான வெண்ணெய் கொஞ்சம். கையை விட்டு அவனே துழாவட்டும், நீங்கள் தரையில் படுத்து அவன் கண் மட்டத்தில் எடுங்கள். ஒரு பொருளோடு பிள்ளைக்கு வேலை இருந்தால்தான் அது ப்ராப், மற்றதெல்லாம் கடைச் சரக்கு. பீலி சூட்டியே தீர வேண்டுமென்றால் அதைத் துணிப்பட்டையில் தைத்து உச்சியில் நிறுத்துங்கள், குச்சி முனை கண் பக்கம் வரக் கூடாது. வாடகைக் கிரீடத்தை எத்தனை தலை போட்டதோ, கழுவ முடியாததை வாங்காதீர்கள்.

கேள்வி: மரப்பாச்சி பொம்மையும் குழந்தையும் சேர்ந்து தெளிவாக வர வேண்டும். ஏதாவது ஒன்றுதான் வருகிறது. (செங்கோட்டை)

இரண்டையும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் வையுங்கள், அல்லது எஃப் 8க்குப் போங்கள். ஒரு யோசனை: மாதம் ஒரு தடவை அதே பொம்மை, அதே இடம், அதே தூரம். முதல் மாதம் பொம்மையில் ஃபோகஸ், பன்னிரண்டாம் மாதம் பிள்ளையில்.

கேள்வி: பத்து நாள் குழந்தை, படத்தில் மஞ்சளாகத் தெரிகிறாள். எந்த ஆப்பில் சரிசெய்வது? (கொல்லங்கோடு)

நேரில் பார்த்தாலும் தோலோ கண் வெள்ளையோ மஞ்சளாக இருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். படம் இருக்கட்டும்.

கேள்வி: ஃபிளாஷ் அடித்தால் கண் கெட்டுவிடும் என்கிறார் மாமியார். (புனலூர்)

சாதாரண கேமரா ஃபிளாஷால் பிள்ளைகளின் கண் கெடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் நேராக முகத்தில் அடிக்காதீர்கள், பிள்ளை திடுக்கிடும், படமும் தட்டையாகிவிடும். வெள்ளைக் கான்கிரீட் கூரை என்றால் மேலே அடித்துத் திருப்புங்கள். ஓட்டு வீடு என்றால் ஓட்டின் சிவப்பு முகத்தில் இறங்கும், அங்கே ஃபிளாஷை அணைத்துவிட்டு வாசலுக்கு வாருங்கள்.