மூன்று அறிவியலும் எடுத்தே ஆகவேண்டுமா?

வணக்கம். மகள் உயர்நிலை 2 படிக்கிறாள். பாடத்தேர்வுப் படிவத்தை அடுத்த வாரம் கொடுக்க வேண்டும். டாக்டராக ஆசைப்படுகிறாளே, மூன்று தனி அறிவியலும் (இயற்பியல், வேதியியல், உயிரியல்) ஏ மேத்ஸும் (கூடுதல் கணிதம்) எடுக்கட்டும் என்கிறார் அவள் அப்பா. அவளோ, டீச்சர் நன்றாக நடத்துகிறார், தோழிகளும் எடுக்கிறார்கள் என்று புவியியலில் நிற்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?
ஒரு தாய், உட்லண்ட்ஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த வயதில் ஒரு பாடம் பிடித்துப்போவது பெரும்பாலும் டீச்சரால்தான். அதைக் குறைத்து எடைபோடாதீர்கள். ஆனால் உயர்நிலை 3இல் வேறு டீச்சர் வரலாம், தோழிகள் வேறு வகுப்புக்குப் போகலாம். அப்போதும் புவியியல் வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க, உயர்நிலைக்குப் பிறகு தொடக்கக்கல்லூரியில் எடுக்கும் எச்2 நிலை வேதியியல் வேண்டும். அதோடு உயிரியல் அல்லது இயற்பியல், ஏதாவது ஒன்று போதும். மூன்றும் கேட்பதில்லை.

அடுத்து, மதிப்பெண் கணக்கு. 2028 முதல் தொடக்கக்கல்லூரிச் சேர்க்கைக்கு ஐந்து பாடங்களைத்தான் கூட்டுவார்கள்: ஆங்கிலம் அல்லது உயர்தமிழ், ஒரு மனிதவியல் பாடம் (வரலாறு, புவியியல் போன்றது), ஒரு கணிதம் அல்லது அறிவியல், இவ்விரு பிரிவில் இன்னொன்று, பிறகு எதுவானாலும் ஒன்று. இரண்டு கணிதம், மூன்று அறிவியல் என ஐந்து எடுத்தாலும் அவற்றில் மூன்றுக்குத்தான் இடம். மனிதவியல் கிரேடை மட்டும் எப்படியும் விட முடியாது. அறிவியலுக்கே இரண்டு வருடத்தையும் கொடுத்துவிட்டு, இதைக் கடைசி மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதில்தான் பலருக்குப் புள்ளி போகிறது. ஒருங்கிணைந்த மனிதவியலில் பாதி சோஷியல் ஸ்டடிஸ். அதில் ஆதாரங்களைப் படித்து, ஒப்பிட்டு எழுதவேண்டும், மனப்பாடம் உதவாது. மறுபாதியைப் பிடித்த பாடமாக வைத்துக்கொள்வது நல்ல கணக்கு. ஆகவே மகளின் புவியியல் ஆசையில் நியாயம் இருக்கிறது. (தமிழ் இலக்கியத்தையும் அந்த மறுபாதியாக எடுக்கலாம், பள்ளி நடத்தினால்.)

ஏ மேத்ஸை மொத்த மதிப்பெண்ணை வைத்து முடிவுசெய்யாதீர்கள். வடிவியலும் புள்ளியியலும் மதிப்பெண்ணைத் தூக்கிவிட்டிருக்கும். கடைசித் தேர்வுத்தாளை எடுத்து, இயற்கணிதக் கேள்விகளை மட்டும் பாருங்கள். அடைப்புக்குறிக்கு முன் கழித்தல் இருந்தால் உள்ளே எல்லாக் குறிகளையும் மாற்றுகிறாளா? காரணிப்படுத்துவது தடங்கலின்றி வருகிறதா? பின்னத்தில் கீழே இருப்பதை வழியில் தொலைக்கிறாளா? இங்கே தடுமாறினால், வகைநுண்கணிதத்தில் வழி சரியாக இருந்தும் இரண்டாம் வரியிலேயே விடை தப்பும். அதற்காக உடனே விட்டுவிட வேண்டாம். எச்2 கணிதம் ஏ மேத்ஸ் தெரியும் என்று வைத்துத்தான் தொடங்கும். டிசம்பர் விடுமுறையில் தினம் அரைமணி நேரம் இதைமட்டும் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உயர்நிலை 2 அறிவியல் ஒரே மதிப்பெண்ணாக வருவதால் எதில் பலம் என்று தெரியாது. வேதியியல், இயற்பியல், உயிரியல் பகுதிகளில் தனித்தனியாக எப்படிச் செய்தாள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். வேதியியலைத் தனிப்பாடமாக வைத்து, மற்ற இரண்டில் வலுவானதைச் சேர்ப்பதே என் யோசனை. இரண்டு அறிவியலை ஒரே பாடமாகப் படிக்கும் ஒருங்கிணைந்த அறிவியலில் இரு பாதிக்கும் ஒரே கிரேடு. ஒன்றில் சறுக்கினால் மற்றதும் இறங்கும். இந்தச் சேர்க்கை உங்கள் பள்ளியில் உண்டா, எத்தனை இடம், ஏ மேத்ஸை எப்போதுவரை விடலாம் என்பதைப் படிவம் கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.