பலிபீடத்திலிருந்து சாப்பாட்டு மேசைக்கு

அன்புள்ள ஐயா,

யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தைக் கேட்டு வளர்ந்த சபைக் குடும்பம் எங்களுடையது. ஆட்டுக்குட்டியின் இரத்தம், நிலைக்கால்கள், இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து அவசரமாகப் புறப்பட்ட இரவு எல்லாம் எனக்கு மனப்பாடம். கல்லூரியில் தொல்லியல் படிக்கும் என் மகள், இஸ்ரவேலர் எகிப்திலிருந்து திரளாக வெளியேறியதற்கு அகழாய்வில் சான்று இல்லை என்கிறாள். அப்படியானால் பஸ்கா பண்டிகையில் யூதர்கள் ஆண்டுதோறும் எதைத்தான் கொண்டாடுகிறார்கள்? இன்னொரு சந்தேகம். வரும் பெரிய வியாழனன்று எங்கள் சபையில் 'இயேசு உண்ட அதே பஸ்கா விருந்து' என்று சொல்லி யூத முறைப்படி செடர், அதாவது பஸ்கா இரவின் சடங்கு விருந்து, நடத்தத் திட்டமிடுகிறார்கள். இது சரிதானா?

ஆர்., பாளையங்கோட்டை

அன்புள்ள ஆர்.,

உங்கள் மகள் சொல்வது உண்மை. ஒரு பெருங்கூட்டம் நாற்பது ஆண்டுகள் சீனாய்ப் பாலைவனத்தில் அலைந்ததற்கான தடயம் இதுவரை கிடைக்கவில்லை. இஸ்ரவேல் என்ற பெயரை நாம் முதலில் காண்பது எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் வெற்றிக் கல்வெட்டில். காலம் ஏறக்குறைய கி.மு. 1208. அதில் அவர்கள் ஏற்கெனவே கானான் நாட்டில் வாழும் ஒரு மக்கள் கூட்டமாகவே வருகிறார்கள். எகிப்திலிருந்து தப்பிவந்த ஒரு சிறு குழுவின் நினைவு பிற்காலத்தில் முழுச் சமூகத்தின் நினைவாக விரிந்திருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

ஆனால் பஸ்காவின் வரலாற்றை இந்த ஒரு கேள்விக்குள் அடைத்துவிட முடியாது. வேதத்தையே சற்று நிதானமாகப் படியுங்கள். லேவியராகமம் 23-இல் முதல் மாதம் பதினான்காம் தேதி மாலை பஸ்கா. மறுநாள் பதினைந்தாம் தேதி புளிப்பில்லாத அப்பப் பண்டிகை. இரண்டும் தனித்தனியே சொல்லப்படுகின்றன. யாத்திராகமம் 23-இல் ஆண்டின் மூன்று பண்டிகைகளைப் பட்டியலிடும்போது அப்பப் பண்டிகை மட்டும் இருக்கிறது, பஸ்கா என்ற பெயரே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யூலியஸ் வெல்ஹவுசன் முதலிய ஆய்வாளர்கள் இதைக் கூர்ந்து கவனித்தார்கள். இளவேனிலில் மேய்ப்பர்கள் மந்தையின் குட்டியைப் பலியிட்ட சடங்கு ஒன்று, வாற்கோதுமை அறுவடை தொடங்கும்போது உழவர்கள் பழைய புளித்த மாவை ஒழித்துப் புதுத் தானியத்தில் அப்பம் சுட்ட சடங்கு இன்னொன்று. இரண்டும் பின்னர் இணைந்து விடுதலைக் கதையை ஏற்றுக்கொண்டன என்பது அவர்கள் வழிவந்த கருத்து. விவரங்களில் இன்றும் விவாதம் நடக்கிறது. பண்டிகைக்கும் பயிருக்கும் உள்ள உறவில் மட்டும் ஐயமில்லை. ஆபீப் மாதத்தில் அதை ஆசரிக்க வேண்டும் என்கிறது வேதம். கதிர் பிடிக்கும் மாதம் அது, பின்னாளில் நிசான். சந்திர மாதங்கள் பருவத்தை விட்டு நழுவிவிடும் என்பதால், பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டி பஸ்காவை வசந்தத்திலேயே நிறுத்தி வைக்கிறது யூத நாட்காட்டி.

யாத்திராகமத்தில் பஸ்கா வீட்டு வாசலில் நடக்கிறது. உபாகமம் 16-க்கு வந்தால், உன் ஊர்களில் பலியிடாதே, கர்த்தர் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மட்டுமே பலியிடு என்று கட்டளை. கி.மு. ஏழாம் நூற்றாண்டில் யோசியா மன்னன் எருசலேமில் நடத்திய பஸ்காவைப் பற்றி, நியாயாதிபதிகள் காலம் தொட்டு அப்படி ஒன்று ஆசரிக்கப்பட்டதில்லை என்கிறது இராஜாக்களின் இரண்டாம் புத்தகம். வீட்டுச் சடங்கை ஆலயம் தன்னிடம் இழுத்துக்கொண்ட காலம் அது. ஆனாலும் எல்லா யூதர்களும் எருசலேமில் இருக்கவில்லை. நைல் நதியில், இன்றைய அஸ்வான் அருகே, எலிஃபன்டைன் தீவில் பாரசீகப் பேரரசின் யூதப் படைவீரர்கள் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். கி.மு. 419-இல் அவர்களுக்கு வந்த ஒரு கடிதம் பப்பிரஸ் தாளில் சிதைந்த நிலையில் கிடைத்திருக்கிறது. நிசான் 15 முதல் 21 வரை புளித்தது எதுவும் கூடாது என்ற அறிவுறுத்தல் அதில் இருக்கிறது. எகிப்து மண்ணிலேயே அந்த ஏழு நாளும் ஆசரிக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும்.

கி.பி. 70-இல் ரோமர்கள் ஆலயத்தை அழித்தார்கள். பலிபீடம் இல்லை என்றால் பலி இல்லை. அத்தோடு பஸ்கா முடிந்துபோயிருக்க வேண்டும். நடந்தது வேறு. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பஸ்காவுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதன் பத்தாம் அதிகாரம் நான் மீண்டும் மீண்டும் படிப்பது. பூசாரிக்கு அங்கே வேலையில்லை. மேசையைச் சுற்றி ஒரு குடும்பம் இருக்கிறது. இரண்டாம் கிண்ணத் திராட்சரசம் ஊற்றியதும் பிள்ளை கேட்கிறது: மற்ற இரவுகளிலிருந்து இந்த இரவு ஏன் வேறுபட்டது? பிள்ளைக்குக் கேட்கத் தெரியாவிட்டால் தகப்பன் கற்றுக்கொடுக்க வேண்டும். பிள்ளையின் அறிவுக்கு ஏற்பத்தான் பதில் சொல்ல வேண்டும். கதையை இழிவில் தொடங்கிப் பெருமையில் முடிக்க வேண்டும். பரம ஏழையானாலும் சுதந்திர மனிதனைப்போல் சாய்ந்து அமர்ந்துதான் உண்ண வேண்டும்; தர்மத்தில் வாங்கியாவது அவனுக்கு நான்கு கிண்ணம் திராட்சரசம் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் தாமே எகிப்திலிருந்து வெளியேறியவராகத் தம்மைக் கருத வேண்டும் என்ற புகழ்பெற்ற வரியும் இங்கேதான் வருகிறது.

மிஷ்னாவில் பிள்ளை கேட்கும் கேள்விகளில் ஒன்று, இன்று ஏன் சுட்ட இறைச்சி மட்டும் என்பது. பலி நின்றுபோனதால் அந்தக் கேள்வி வழக்கொழிந்தது. ஏன் சாய்ந்து அமர்கிறோம் என்ற கேள்வி அந்த இடத்துக்கு வந்தது. ஆட்டுக்குட்டியின் இடத்தில் செடர் தட்டில் இன்று ஓர் எலும்பு இருக்கிறது. அதனுடன் கசப்புக் கீரை, உப்பு நீரில் தோய்க்க ஒரு பச்சிலை, செங்கல் சாந்தை நினைவூட்டும் பழக்கலவை, அவித்துச் சுட்ட முட்டை. மத்சா என்ற புளிப்பில்லாத அப்பம், மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து பதினெட்டு நிமிடங்களுக்குள் சுடப்பட வேண்டும். முந்தைய இரவு மெழுகுவர்த்தி ஏந்தி மூலை முடுக்கெல்லாம் புளித்த துணுக்குகளைத் தேடுகிறார்கள். ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலோர் அந்த நாட்களில் அரிசியையும் பருப்பையும்கூடத் தொடாமல் இருந்துவந்தார்கள். ஈராக்கிய யூதர்கள் சோறு உண்கிறார்கள். எகிப்தின்மேல் வந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி திராட்சரசத்தைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். எதிரி பட்ட துன்பத்தால் நம் மகிழ்ச்சி குறைய வேண்டும் என்று பல வீடுகளில் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். தங்கள் மூதாதையர் மன்னர்கள், மாவீரர்கள் என்று சொல்லிக்கொள்ளும் இனங்கள் ஏராளம். 'பார்வோனுக்கு அடிமைகளாயிருந்தோம்' என்று பிள்ளைகளிடம் சொல்வதைக் கடமையாக வைத்துக்கொண்ட மக்கள் இவர்கள். அந்த நினைவிலிருந்து ஒரு சட்டமும் பிறந்தது: அந்நியனை ஒடுக்காதே, எகிப்தில் நீங்களும் அந்நியராயிருந்தீர்கள். அகழாய்வு நாளை எதைக் கண்டெடுத்தாலும் இந்தக் கட்டளையின் எடை குறையாது. 1969-இல் வாஷிங்டனில் யூதர்களும் கறுப்பினத்தவரும் ஒன்றாக அமர்ந்து 'விடுதலை செடர்' நடத்தினார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதன் முதல் நினைவுநாள் அது. அந்த மேசைக்கு அன்று தொல்லியல் சான்று தேவைப்படவில்லை.

இனி உங்கள் சபை விஷயம். இயேசு உண்டது இந்த விருந்து அல்ல. முதல் மூன்று சுவிசேஷங்கள் அதைப் பஸ்கா விருந்து என்கின்றன. யோவான் அதைப் பஸ்காவுக்கு முந்தைய இரவில் வைக்கிறார். எப்படியானாலும் ஆலயம் நின்றிருந்த காலம் அது. இன்றைய செடரின் வரிசையும் பாட்டுகளும் ஆலயம் போன பிறகு, நூற்றாண்டுகளாக யூதர்கள் உருவாக்கியவை. அதை 'இயேசுவின் விருந்து' என்று அறிவிப்பது வரலாற்றுப்படி பிழை.

வேறொரு காரணமும் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இடைக்கால ஐரோப்பாவில் யூதர்கள் பஸ்கா அப்பத்தில் கிறிஸ்தவப் பிள்ளைகளின் இரத்தம் கலக்கிறார்கள் என்ற பொய் பரவி, உயிர்களைப் பறித்தது. 1903-இல் அன்றைய ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் அதே பொய் மீண்டும் கிளப்பப்பட்டு, ஈஸ்டர் ஞாயிறன்று தொடங்கிய கலவரத்தில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகு அந்த மேசையை அவர்கள் இல்லாமலே நாம் எடுத்து நம் சடங்காக்கிக்கொள்வது பல யூதர்களைப் புண்படுத்துகிறது. யாராவது யூத நண்பர் உங்களை அழைத்தால் தயங்காமல் போங்கள். பசித்தவர் எவரும் வந்து உண்ணட்டும் என்ற அழைப்போடுதான் அவர்கள் அந்தக் கதையைத் தொடங்குகிறார்கள். சபையில் அந்த மாலைக்கு யாத்திராகமம் 12-ஐயும் மிஷ்னாவின் அந்தப் பத்தாம் அதிகாரத்தையும் அடுத்தடுத்து வாசிக்கலாம் என்பது என் யோசனை. வாசிக்கும் பொறுப்பை உங்கள் மகளிடம் கொடுங்கள்.